'ஹிப்ஸ்டர்' என்ற சொல்லைத் தேதி பார்த்துப் படிப்பது எப்படி

1948 இல் வந்த ஒரு கட்டுரையில் 'ஹிப்ஸ்டர்' என்று இருந்தால் அது ஜாஸ் கேட்டுத் திரிந்த ஒரு நகரத்து இளைஞன். 1966 ஆம் ஆண்டுத் துணி விளம்பரத்தில் இருந்தால் இடுப்பெலும்பில் நிற்கும் கால்சட்டை. 2009 இல் நியூயார்க் பத்திரிகையில் இருந்தால் பெரும்பாலும் வசவு. எழுத்துக்கூட்டு ஒன்றுதான். ஆங்கிலம்–தமிழ் அகராதி 'புதுப்பாணி விரும்பி' என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடும். மொழிபெயர்ப்பவருக்கும் பழைய பத்திரிகைகளைப் புரட்டுபவருக்கும் அந்த வரி உதவுவதைவிடக் காலை வாருவதே அதிகம்.

எனவே வேலையின் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் ஆண்டைப் பாருங்கள். அடுத்து, யார் யாரை அப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். பொருளுக்கு அதன்பிறகு போகலாம்.

சொல்லை இரண்டாக உடையுங்கள்

'ஹிப்', 'ஸ்டர்' என்று இரண்டு துண்டு. பின்பகுதி எளிது, அதிலிருந்து தொடங்குவோம்.

'ஸ்டர்' பழைய ஆங்கில விகுதி. தொடக்கத்தில் பெண்பால் தொழிற்பெயரைக் குறித்தது. நம் '-காரி' போல. நூல் நூற்றவள் 'ஸ்பின்ஸ்டர்'. அந்தச் சொல் பிறகு மணமாகாத பெண் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. குடும்பப் பெயர்களாக நின்றுபோன வெப்ஸ்டர் நெசவையும், ப்ரூஸ்டர் மது காய்ச்சுவதையும், பேக்ஸ்டர் ரொட்டி சுடுவதையும் குறித்தவை. காலப்போக்கில் பால் வேறுபாடு உதிர்ந்து, லேசான ஏளனம் ஒட்டிக்கொண்டது. கேங்ஸ்டர், ட்ரிக்ஸ்டர் எல்லாம் அந்த ரகம். தமிழில் இதற்குப் பக்கத்தில் வரும் சொல் 'பேர்வழி'. 'ஏமாற்றுப் பேர்வழி' என்று சொல்லும்போது 'ஆள்' என்பதோடு ஒரு சின்ன உதட்டுச் சுழிப்பும் வருகிறதே, அதே சுழிப்பு 'ஸ்டர்' விகுதியிலும் உண்டு.

முன்பகுதியான 'ஹிப்' இந்த இடத்தில் 'விவரம் தெரிந்த' என்ற பொருள் கொண்டது. ஆக ஹிப்ஸ்டர் என்றால் சொல்லுக்குச் சொல் 'விவரப் பேர்வழி'. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உடை, தாடி, சைக்கிள், காப்பி எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்த சாமான்கள். அடியில் இருப்பது 'எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது' என்ற ஒரே எண்ணம்.

எந்த 'ஹிப்' என்று பிரியுங்கள்

ஆங்கிலத்தில் இந்த மூன்றெழுத்துக்குப் பல சொந்தக்காரர்கள். இடுப்பு ஒன்று. காட்டு ரோஜாவின் பழம் இன்னொன்று. அதற்கு வேறு வேர். கூரை கட்டுபவர்களின் 'ஹிப்' வேறு, உற்சாகக் கூச்சலில் வரும் 'ஹிப் ஹிப்' வேறு. தேடும்போது அதிகம் ஏமாற்றுவது 18 ஆம் நூற்றாண்டின் 'ஹிப்'. 'ஹைப்போகாண்ட்ரியா' என்ற மனச்சோர்வு நோயின் பெயரைச் சுருக்கி அப்படி எழுதினார்கள். 'ஹிப்டு' என்றால் சோர்ந்துபோனவர். அந்தக் காலத்துக் கடிதத்தில் ஒருவர் 'எனக்கு ஹிப்' என்று எழுதியிருந்தால் அவர் நாகரிகமானவர் என்று பொருள் இல்லை, படுத்துக்கிடக்கிறார் என்று பொருள். 'ஹிப்ஸ்டர் 200 ஆண்டு பழையது' என்று யாராவது எடுத்துக்காட்டோடு வந்தால் முதலில் இந்தப் பக்கம் தட்டிப் பாருங்கள்.

முதல் பதிவைத் தேடும் முறை

மூன்று அகராதிகளை வரிசையாகப் பாருங்கள்: ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, 2010 இல் மூன்று தொகுதிகளாக அச்சாகி இப்போது இணையத்திலும் இருக்கும் ஜொனதன் கிரீனின் கொச்சைமொழி அகராதி, ஜே. ஈ. லைட்டரின் அமெரிக்கக் கொச்சைமொழி வரலாற்று அகராதியின் இரண்டாம் தொகுதி. எச் முதல் ஓ வரை உள்ள அந்தத் தொகுதி 1997 இல் வந்தது. மூன்றும் சொல்லுக்குப் பொருள் சொல்வதோடு நிற்காமல், அது வந்த வாக்கியங்களை ஆண்டு வரிசையில் அடுக்கித் தருபவை. பொருளைத் தாண்டிப் போய் அந்த மேற்கோள்களைப் படியுங்கள்; சரக்கு அங்கேதான் இருக்கிறது.

பிறகு மூலத்துக்கு இறங்குங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளமான க்ரோனிக்ளிங் அமெரிக்கா, பல்கலைக்கழக நூலகங்களின் மின்நூல் தொகுப்பான ஹாத்தி ட்ரஸ்ட், கூகுள் புக்ஸ் மூன்றும் இலவசம். தேடும்போது நடக்கும் தவறுகளும் இந்த இடத்தில்தான் அதிகம்.

'ஹிப்' என்று தனியாகத் தேடாதீர்கள். மருத்துவ நூல்கள் கொட்டும். 'ஹிப் டு' என்று தேடினாலும் 'இடுப்பு முதல் முழங்கால் வரை' என்ற வாக்கியங்கள்தான் வரும். தொடராகத் தேட வேண்டும்: 'கெட் ஹிப் டு', 'ஆர் யூ ஹிப்', 'ஐம் ஹிப்'. மூன்றையும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அதே தொடர்களை எச்-இ-பி என்ற 'ஹெப்' எழுத்துக்கூட்டிலும் மறுபடி ஓட்டுங்கள். இந்த இரண்டாம் சுற்றை விட்டுவிட்டால் பாதி வரலாறு கைக்கு வராது. ஏன் என்பது கீழே வரும்.

பழைய அச்சைக் கணினி படிக்கும்போது எழுத்தைத் தின்னும். 'ஷிப்' என்ற சொல் முதலெழுத்தை இழந்தால் 'ஹிப்'. 'ஹெல்ப்' நடுவில் ஓர் எழுத்தை இழந்தால் 'ஹெப்'. ஆகவே தேடல் முடிவில் தெரியும் துணுக்கை நம்பாமல் பக்கத்தின் படத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். முன்னும் பின்னும் இரண்டு பக்கம் படித்தால் பேசுபவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.

கூகுள் புக்ஸில் இன்னொரு குழி உண்டு. பருவ இதழ்களுக்குப் பல நேரம் அந்த இதழ் தொடங்கிய ஆண்டையே எல்லாத் தொகுதிக்கும் போட்டுவிடுகிறார்கள். 1899 என்று காட்டும் பக்கத்தில் தொலைக்காட்சி விளம்பரம் இருந்தால் என்ன நடந்திருக்கிறது என்று சொல்லவே வேண்டாம். தலைப்புப் பக்கத்தில் அச்சான தேதியைப் பார்க்கும் வரை எந்த ஆண்டையும் குறித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு சொல் எந்த ஆண்டு எவ்வளவு அச்சானது என்று கோடாகக் காட்டும் கூகுள் என்-கிராம் வரைபடம் போடுபவர்கள் 'மிருதுவாக்கல்' அளவை 3 இலிருந்து 0 ஆக்குங்கள். 3 என்று விட்டால் ஒவ்வொரு புள்ளியும் முன்னும் பின்னும் மூன்று ஆண்டுகளைச் சேர்த்த ஏழாண்டுச் சராசரி. சொல் உண்மையில் தலைகாட்டுவதற்கு மூன்று ஆண்டு முன்பே கோடு எழும்பிவிடும். ஒருமையையும் பன்மையையும் தனித்தனியாகப் போடுங்கள். 1960களில் பன்மை வடிவம் கால்சட்டைக்கும் பெயரானதால், அந்தப் பத்தாண்டின் கோட்டில் ஆளும் துணியும் கலந்து கிடக்கும்.

1904: ஒரு வாக்கியத்தைக் கிட்டப் பார்ப்போம்

'விவரம் தெரிந்த' என்ற பொருளில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் மிகப் பழைய 'ஹிப்' 1904 ஐச் சேர்ந்தது. ஜார்ஜ் வெர் ஹோபார்ட் எழுதிய 'ஜிம் ஹிக்கி' என்ற நகைச்சுவைக் கதை. ஊர் ஊராய்ப் போய் ஓர் இரவு மட்டும் ஆடும் நாடகக் குழு ஒன்றைப் பற்றியது. அதில் வரும் பேச்சின் சாரம்: இந்த வேகத்தில் போனால் ஜெர்சி சிட்டி போய்ச் சேர 629 காட்சி போட வேண்டியிருக்கும், 'ஆர் யூ ஹிப்?'

இந்த ஒற்றை வாக்கியத்திலிருந்து எவ்வளவு கறக்கலாம் என்று பாருங்கள். பேசுபவர் நாடகக் குழுவைச் சேர்ந்தவர். கேள்வியின் பொருள் 'புரியுதா?' என்பது மட்டுமே. நாகரிகம் இல்லை, ஜாஸ் இல்லை, உடை இல்லை. சொல்லுக்கு எந்த விளக்கமும் ஆசிரியர் தரவில்லை. வாசகருக்கு ஏற்கெனவே பழக்கம் என்று நம்பி எழுதியிருக்கிறார். ஆகவே வாய்ப்பேச்சில் அது அதற்குச் சில ஆண்டு முன்பே இருந்திருக்க வேண்டும். முதல் பதிவு வேறு, பிறந்தநாள் வேறு. கொச்சைச் சொல் அச்சுக்கு வரத் தாமதமாகும். அந்தத் தாமதத்தை விருப்பம்போல் நூறாண்டுக்கு இழுப்பதுதான் தவறு. அடுத்து வரும் கதையின் பலவீனமும் அதுதான்.

வோலோஃப் கதையைச் சோதிப்பது

இணையத்தில் அதிகம் உலவும் விளக்கம் இது: மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், காம்பியா பகுதியில் பேசும் வோலோஃப் மொழியில் 'ஹிபி' என்றால் கண்ணைத் திற என்று பொருள், 'ஹிபிகட்' என்றால் கண் திறந்தவன், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வாயிலாக அமெரிக்கா வந்து 'ஹிப்', 'ஹெப்கேட்' ஆயிற்று. லண்டனின் கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கல்வி நிறுவனத்தில் இருந்த மொழியியலாளர் டேவிட் டால்பி 1960களின் கடைசியில் முன்வைத்த கருத்து. அழகான கதை. அழகான சொற்பிறப்புக் கதைகளை எப்போதுமே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

சோதிக்க ஓர் அளவுகோல் தேவை. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்: கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது. ஒலி பொருந்துகிறது. பொருள் பொருந்துகிறது. இரு மொழிக்காரர்கள் சந்தித்த இடம் தெரியும்: சோழமண்டலக் கடற்கரை. தேதியும் பொருந்துகிறது, 1697 இல் அச்சான வில்லியம் டாம்பியரின் பயண நூல் அந்தக் கரையின் கட்டுமரத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒலி, பொருள், இடம், தேதி நான்கும் தேறினால்தான் கடன்சொல். ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு 'உலகத்துச் சொல் எல்லாம் நம்முடையது' என்று வாட்ஸ்அப்பில் வரும் பட்டியல்களை இந்த நான்கில் நிறுத்திப் பாருங்கள். முக்கால்வாசி இரண்டாம் படியிலேயே விழும்.

இப்போது வோலோஃப். பொருள் கச்சிதம். ஒலி சுமார்: இன்றைய வோலோஃப் எழுத்துமுறையில் அந்தச் சொல் ஹகரத்தில் தொடங்குவதில்லை, தொண்டையை உரசி வரும் ஒலியில் தொடங்குகிறது. இடமும் சாத்தியமே, அடிமைகளாக்கப்பட்டவர்களில் வோலோஃப் பேசியவர்கள் இருந்தார்கள். விழுவது தேதியில். அமெரிக்காவுக்குள் அடிமைகளை இறக்குமதி செய்வது சட்டப்படி 1808 இல் நின்றது. அச்சில் 'ஹிப்' தோன்றுவது 1904. நடுவில் 96 ஆண்டு வெறுமை. தோன்றும்போதும் கறுப்பின மக்களின் பேச்சில் தோன்றவில்லை. நாடகக்காரர்கள், சூதாடிகள், சில்லறைத் திருடர்கள் வாயில் வருகிறது.

'ஹிபிகட்' இன்னும் வேகமாக உடையும். 'ஹெப்கேட்' என்ற கூட்டுச்சொல் 1930களில்தான் வருகிறது. 'ஹெப்' அதற்கு முன்பே ஒரு தலைமுறைக் காலம் தனியாகப் புழங்கியிருக்கிறது. இசைக்காரனை 'கேட்', அதாவது பூனை, என்று அழைப்பது ஜாஸ் வட்டாரத்தின் தனி வழக்கம். இரண்டும் பிற்பாடு சேர்ந்து ஹெப்கேட் ஆகியிருக்கும்போது, அதை ஒரே ஆப்பிரிக்கச் சொல்லின் மிச்சம் என்று சொல்ல முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் வட அமெரிக்கப் பதிப்பாசிரியராக இருந்த ஜெஸி ஷைட்லோவர் 2004 இல் ஸ்லேட் இதழில் இந்தக் கதையை மறுத்து எழுதினார்.

எதிர்வாதமும் இருக்கிறது, அதை அமுக்கிவிடக் கூடாது. கறுப்பின மக்களின் பேச்சை 19 ஆம் நூற்றாண்டு அச்சு ஒழுங்காகப் பதிவு செய்யவில்லை என்பது உண்மை. பதிவு இல்லாததால் சொல் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் 'இருந்திருக்கலாம்' என்பது சான்று ஆகாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வோலோஃப் வேரை ஏற்காதது, கறுப்பின இசைக்கலைஞர்களின் பங்கை மறுப்பது ஆகாது. சொல் எங்கே பிறந்திருந்தாலும் அதை வளர்த்து, கூர்தீட்டி, உலகம் கேட்கும்படி செய்தவர்கள் அவர்கள்தான்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. அபின் புகைப்பவர்கள் இடுப்பை ஊன்றி ஒருக்களித்துப் படுப்பதால் வந்தது என்பது ஒன்று. இடுப்புப் பையில் வைக்கும் மதுக்குப்பியிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. இராணுவ நடைக்கணக்கில் 'ஹெப், டூ, த்ரீ' என்பதிலிருந்து வந்தது என்பது மூன்றாவது. ஜோ ஹெப் என்ற ஆள் பெயரிலிருந்து வந்தது என்று நான்காவது கதை. ஒரு வடிவத்தில் அவர் சிகாகோவில் மதுக்கடை வைத்திருக்கிறார். 1914 இல் வந்த ஒரு குற்றவாளிகள் சொற்பட்டியலிலோ 'ஹெப்' சின்சினாட்டியின் எல்லாம் தெரிந்த துப்பறிவாளர் ஒருவரின் பெயர். ஒரே பெயருக்கு ஊரும் தொழிலும் மாறுகிறது என்றால் அது பின்னால் புனைந்த கதை என்று எடுத்துக்கொள்ளலாம்.

'பிறப்பு தெரியவில்லை' என்று எழுதக் கை கூச வேண்டாம். பெரிய அகராதிகளும் அதையே எழுதுகின்றன. 'ஓகே' என்ற சொல்லுக்கும் இப்படிப் பத்துக் கதைகள் இருந்தன; டால்பி அதற்கும் வோலோஃப் வேர் சொன்னார். ஆலன் வாக்கர் ரீட் என்ற ஆய்வாளர் 1839 மார்ச் 23 தேதியிட்ட பாஸ்டன் மார்னிங் போஸ்ட் இதழில் அது வேண்டுமென்றே தப்பாக எழுதிய 'ஆல் கரெக்ட்' என்பதன் சுருக்கமாக வருவதைக் காட்டிய பிறகு மற்றவை பின்னுக்குப் போயின. 'ஹிப்' என்ற சொல்லுக்கு அப்படிப்பட்ட தாள் இன்னும் கிடைக்கவில்லை.

ஹெப் போய் ஹிப் நின்ற கதை

தொடக்கத்தில் 'ஹெப்', 'ஹிப்' இரண்டும் அருகருகே ஓடின. 1930களின் ஸ்விங் இசைக் காலத்தில் ஹெப் முந்தியது. காட்டன் கிளப்பில் பாடிப் புகழ்பெற்ற கேப் காலோவே 1938 இல் 'ஹெப்ஸ்டர்ஸ் டிக்‌ஷனரி' என்ற சிறு சொற்பட்டியலை வெளியிட்டார். பிறகு பல முறை திருத்தி வந்தது. அதில் 'ஹெப் கேட்' என்றால் எல்லாவற்றுக்கும் விடை தெரிந்தவன், ஜைவ் என்ற ஜாஸ்காரர்களின் கொச்சைப் பேச்சு புரிந்தவன். தலைப்பிலேயே 'ஸ்டர்' வந்துவிட்டதைக் கவனியுங்கள். அச்சு தயார், ஓர் உயிரெழுத்து மட்டும் மாற வேண்டும்.

அது ஏன் மாறியது? எல்லாருக்கும் தெரிந்துபோனால் அந்தரங்கச் சொல்லுக்கு மதிப்பில்லை. வானொலியும் விளம்பரமும் 'ஹெப்' என்று கூவத் தொடங்கியதும், உள்ளே இருந்த இசைக்காரர்கள் 'ஹிப்' பக்கம் நகர்ந்தார்கள். 1940களின் நடுவில் 'ஹெப்' என்று சொல்பவரே விவரமில்லாதவர் என்றாகிவிட்டது. தேதி கணிக்க இது நல்ல கருவி: அந்தக் காலத்துப் பாத்திரம் ஒன்று வெகுளியாக 'ஐம் ஹெப்' என்று சொன்னால், ஆசிரியர் அவரைப் பார்த்துச் சிரிக்கிறாரா என்று சந்தேகப்படுங்கள்.

'ஹிப்ஸ்டர்' பரவலாக அச்சேறுவது இந்தக் கட்டத்தில். நியூயார்க்கின் 52 ஆம் தெருவில் பியானோ வாசித்த ஹாரி கிப்சன் தன் பெயருக்கு நடுவில் 'தி ஹிப்ஸ்டர்' என்று சேர்த்துக்கொண்டார். 1944 இல் வந்த அவருடைய இசைத்தட்டுத் தொகுப்போடு ஒரு சின்னச் சொற்பட்டியல் கிடைத்தது. அதில் ஹிப்ஸ்டர்கள் என்றால் ஹாட் ஜாஸ் பிடித்த ஆசாமிகள். அவ்வளவுதான். வாழ்க்கைத் தத்துவம் எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட சொற்பட்டியல்களைப் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை. அவை சான்றும்தான், விற்பனைச் சரக்கும்தான். ஒரு சொல் பட்டியலில் மட்டும் இருந்து வேறு எவர் வாயிலும் வரவில்லை என்றால் ஒதுக்கி வையுங்கள். 1992 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் சியாட்டில் க்ரஞ்ச் இசை இளைஞர்களின் கொச்சைச் சொற்கள் என்று ஒரு பட்டியலை அச்சிட்டது. ஓர் இசைத்தட்டு நிறுவனத்து ஊழியர் தொலைபேசியில் வாய்க்கு வந்தபடி அடித்துவிட்டவை அவை. பிறகு வெட்டவெளிச்சமானது. குறைந்தது இரண்டு தனித்தனி மூலங்கள் இருந்தால்தான் ஒரு சொல்லைக் கணக்கில் சேருங்கள்.

1945 முதல் 1957 வரை: ஆள் உருவாகிறான்

நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், மின்டன்ஸ் ப்ளேஹவுஸ் என்ற இடத்தில் தெலோனியஸ் மங்க், டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர் போன்றவர்கள் இரவில் கூடி வாசித்ததில் பீபாப் என்ற புது ஜாஸ் வளர்ந்தது. ஆடுவதற்கு லாயக்கில்லாத வேகம்; உட்கார்ந்து கவனித்துக் கேட்க வேண்டிய இசை. கில்லெஸ்பியின் பெரே தொப்பி, ஆட்டுத்தாடி, தடித்த சட்டக் கண்ணாடி மூன்றும் ரசிகர்களின் சீருடையாகிவிட்டன. ஜாஸ் ரசிகன் என்ற பொருளோடு ஒரு தோற்றமும், அலட்டிக்கொள்ளாத ஒரு பாவனையும் சேர்ந்தது இப்போதுதான்.

1948 இல் பார்ட்டிசன் ரிவ்யூ இதழில் அனட்டோல் ப்ரொயார்ட் ஹிப்ஸ்டரைப் பற்றி எழுதிய கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள். ஒதுக்கப்பட்டவன் தனக்கென ஒரு மொழியையும் மிடுக்கையும் செய்துகொண்டான் என்று தொடங்கி, அறிவுஜீவிகள் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடியதில் அவன் காலியாகிவிட்டான் என்று முடிக்கிறார். சொல் பரவலாகி நாலைந்து ஆண்டில் இரங்கல் எழுதியாகிவிட்டது! 'அசல் ஹிப்ஸ்டர் செத்துவிட்டான்' என்ற புலம்பலை எந்த ஆண்டில் கண்டாலும் அதைப் புதுச் செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

1957 இல் டிஸ்ஸென்ட் இதழில் வெள்ளை எழுத்தாளர் நார்மன் மெய்லர் 'தி ஒயிட் நீக்ரோ' எழுதினார். அதில் ஹிப்ஸ்டர் என்றால், கறுப்பின நகரவாசியின் ஆபத்தான வாழ்வை ஒரு தத்துவமாக எடுத்துக்கொள்ளும் வெள்ளை இளைஞன். 1961 இல் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் எஸ்குயர் இதழில் இதற்குக் கூர்மையாகப் பதில் எழுதினார். இந்தக் காலத்துப் பனுவலைப் படிக்கும்போது இனத்தைக் கேட்காமல் நகராதீர்கள்: சொல்பவர் யார், சொல்லப்படுபவர் யார், எவருடைய பாணியை எவர் எடுத்துக்கொள்கிறார்?

பிள்ளைச் சொற்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

பீட்னிக் என்ற சொல்லைப் பத்தி எழுத்தாளர் ஹெர்ப் கேன் 1958 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோ க்ரானிக்கிளில் போட்டார்; 1957 அக்டோபரில் பறந்த ஸ்புட்னிக்கின் வாலை, அந்தக் காலத்துக் கலக எழுத்தாளர் கூட்டத்தின் பெயரான 'பீட்' என்பதோடு ஒட்டியது. 'ஹிப்பி' அதே ஊரில் பரவிய சொல். 'ஹிப்' என்பதோடு சிறுமைப்படுத்தும் 'இ' விகுதி சேர்ந்தது; 'ஹிப்ஸ்டர் ஆக ஆசைப்படும் பொடியன்' என்ற கேலி அதில் இருந்தது. 1965 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ எக்ஸாமினரில் மைக்கேல் ஃபாலன் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதி இளைஞர்களைப் பற்றி எழுதியபோது அந்தப் பெயர் பரவியது.

தமிழில் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான். 'ஹிப்பித் தலை' நமக்குப் பழகிய சொல் என்பதால் ஹிப்ஸ்டர் என்றதும் நீள முடியும் பூப்போட்ட சட்டையும் கண்ணில் வந்துவிடுகின்றன. 1948 ஆம் ஆண்டு ஹிப்ஸ்டர் கோட்டுப் போட்டவன், முடி வெட்டியவன், பூவைக் கண்டால் புருவம் உயர்த்துபவன்.

1990களுக்குப் பிறகு: வசவாக மாறிய சொல்

சில பத்தாண்டு பெரிதும் ஓய்ந்திருந்த சொல் 1990களின் கடைசியில் நியூயார்க்கில், குறிப்பாக ப்ரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில், மறுபடி எழுந்தது. மலிவு வாடகைக்கு வந்த ஓவியர்களும் இசைக்குழுக்களும், அவர்களைப் பார்த்து வந்தவர்களும், பின்னாலேயே ஏறிய வாடகையும் இந்தப் பொருளின் பின்னணி. லாரி ஓட்டுநர் தொப்பி, பாப்ஸ்ட் ப்ளூ ரிப்பன் பீர், ஒற்றைக் கியர் சைக்கிள், இறுகிய ஜீன்ஸ், பிறகு தாடியும் கட்டம்போட்ட சட்டையும் என்று அடையாளங்கள் மாறிக்கொண்டே போயின. ஆகவே தொப்பியையும் பீரையும் வரையறையாக எழுதாதீர்கள்; ஐந்தாண்டில் கெட்டுப்போகும். அடையாளங்களைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் ஆண்டைப் போடுங்கள்.

2003 இல் ராபர்ட் லான்ஹமின் 'ஹிப்ஸ்டர் ஹேண்ட்புக்' வந்தது. 2007 இல் டைம் அவுட் நியூயார்க் 'ஹிப்ஸ்டர் சாக வேண்டும்' என்ற பொருளில் கட்டுரை போட்டது, 2008 இல் ஆட்பஸ்டர்ஸ் இதழ் இன்னும் காட்டமாக. 2010 இல் என் ப்ளஸ் ஒன் இதழ்க்காரர்கள் 'ஹிப்ஸ்டர் என்பவர் யாராக இருந்தார்' என்று இறந்தகாலத்தில் கேட்டு ஒரு நூலே வெளியிட்டார்கள். 1948 இன் புலம்பல் அச்சுப் பிசகாமல் திரும்பி வந்தது.

புதுப் பொருளின் முக்கிய இலக்கணம்: இது பெரும்பாலும் படர்க்கைச் சொல். தன்னை ஹிப்ஸ்டர் என்று சொல்லிக்கொள்பவர் அரிது. அடுத்தவரைத்தான் சொல்வார்கள், அதுவும் தன்னைப் போலவே இருக்கும் அடுத்தவரை. சுயமாகச் சொல்லிக்கொள்வது வந்தால் அங்கே கேலியோ விளம்பரமோ இருக்கிறதா என்று பாருங்கள். பெயரடையாக, 'ஹிப்ஸ்டர் காப்பிக்கடை' என்பதுபோல வந்தால் காட்டம் குறைவு. விலை அதிகம், மரப்பலகை மேசை, மீசை வைத்த பரிமாறுபவர் என்ற அளவில் நின்றுவிடும்.

'வித்தியாசமாக இருக்க விரும்புபவர்கள் ஏன் ஒரே மாதிரி ஆகிறார்கள்' என்று கேட்கும் வாசகருக்கு விளக்கம் வேண்டுமா? கணிதவியலாளர் ஜொனதன் டூபூல் இதற்கு ஒரு மாதிரி போட்டிருக்கிறார். எல்லாரும் பெரும்பான்மைக்கு எதிராகப் போக விரும்புகிறார்கள். ஆனால் பெரும்பான்மை எது என்ற தகவல் தாமதமாக வருகிறது. தாமதத்தால் பலரும் ஒரே சமயத்தில் ஒரே பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். 2019 இல் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதைப் பற்றி எழுதி, கம்பளித் தொப்பியும் கட்டம்போட்ட சட்டையும் அணிந்த தாடிக்காரர் ஒருவரின் படத்தைப் போட்டது. ஒருவர் 'என் படத்தை என்னைக் கேட்காமல் போட்டுவிட்டீர்கள்' என்று சண்டைக்கு வந்தார். படம் கொடுத்த நிறுவனத்தில் விசாரித்தால், படத்தில் இருப்பவர் வேறு ஆள்!

தமிழில் எழுதும்போது

1904 வகை 'ஆர் யூ ஹிப்?' என்பதற்கு 'புரியுதா?' போதும், 'ஹிப்' என்று ஒலிபெயர்த்தால் கெட்டுப்போகும். 1930களின் ஹெப்கேட்டுக்கு 'விவரமான ஆள்'. 1944 முதல் 1960 வரை 'ஹிப்ஸ்டர்' என்றே வைத்துக்கொண்டு, முதல் முறை வரும் இடத்தில் 'ஜாஸ் பித்தேறிய நகரத்து இளைஞன்' என்பதுபோல ஒரு தொடரை வாக்கியத்துக்குள்ளேயே சேருங்கள். அடிக்குறிப்பு வேண்டாம், யாரும் படிப்பதில்லை.

2000க்குப் பிந்தைய வசவுக்கு 'பந்தா', 'சீன் போடுறவன்' என்று போடத் தோன்றும். பாதிதான் சரி. பந்தா பண்ணுபவர் பணத்தையோ பதவியையோ செல்வாக்கையோ காட்டுகிறார். ஹிப்ஸ்டர் காட்டுவது ரசனையை: நீ கேட்டிராத இசைக்குழு எனக்குத் தெரியும், அதுவும் நீ கேட்பதற்கு முன்பே தெரியும். 'ரசனைப் பந்தா' என்றால் கிட்ட வருகிறது. உரையாடலில் அது நிற்கும். கட்டுரையில் 'ஹிப்ஸ்டர்' என்றே விட்டு, வினைச்சொல்லில் ஏளனத்தை ஏற்றுங்கள். 'ஹிப்ஸ்டராக இருக்கிறார்' என்பதைவிட 'ஹிப்ஸ்டராகத் திரிகிறார்' என்பது மூலத்தின் தொனிக்கு நெருக்கம்.

பன்மையில் ஆட்களுக்கு 'ஹிப்ஸ்டர்கள்' என்று எழுதுங்கள். 1960களின் தையல் குறிப்பிலோ விளம்பரத்திலோ வருவது 'கள்' ஏற்காது; அங்கே 'இடுப்புக்குக் கீழே நிற்கும் கால்சட்டை' என்று விரித்து எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் அங்குல அளவோ துணி வகையோ இருக்கிறதா என்று பாருங்கள்.